ஓடி மறைந்த வண்டியும் நட்டஈட்டு உரிமையும்

கன்றை இழந்த பசுவொன்று ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்த கதையை அறியாத தமிழர் இலர். திருவாரூரிலே மனுநீதிச் சோழன் காலத்து நிகழ்ச்சியாக அதனைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. அநுராதபுரத்தில் அரசு புரிந்த எல்லாளனின் வரலாறாக அதே கதையை மகாவமிசமும் கூறுகின்றது. மன்னனுடைய படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணி. அதிலே கட்டப்பட்டது நீண்டதொரு கயிறு. முறை வேண்டியவர் எவராயினும் அக்கயிற்றை இழுக்கலாம். அரசகுமாரனின் தேர்ச் சக்கரத்தில் அகப்பட்டுக் கன்று மடிந்தது. தாய்ப்பசு கயிற்றை இழுத்தது. மன்னன் அதே தேர்ச் சக்கரத்தால் தன் மைந்தனின் உயிரை வாங்கினான்.

இக்கதையை வீதி விபத்து வழக்கொன்றாக வைத்து நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, தேரைச் செலுத்தியவன் யார் என்பதில் ஐயம் எதுவும் இருக்கவில்லை. அவன் ஓடி ஒளியவுமில்லை. ஒளிந்திருந்தாலும் அரசன் மகனை ஊர் அறியும். இரண்டாவது, மன்னன் வழங்கிய நீதி குற்றம் செய்தவனைத் தண்டித்ததே அன்றிப் பசுவின் இழப்பை ஈடு செய்யவில்லை. இறைவன் தோன்றிக் கன்றை உயிர்ப்பித்தான் என்பது புராணம் சொல்லும் அற்புதம். நீதிமன்றங்களுக்கு அவ்வாற்றல் கிடையாது. அவை வழங்கக்கூடியது நட்டஈடு ஒன்றே.

அந்த நட்டஈட்டைக் கொடுக்க வேண்டியவன் கையிற் காசில்லாதவனாக இருந்தால் என் செய்வது? இருளிலே மோதிவிட்டு ஓடி மறைந்தமையால் அவன் பெயரே தெரியாது போனால் யாரிடம் கேட்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண ஆங்கில நாட்டுக்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு பிடித்தது. இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் அந்நாட்டுச் சட்டத்தின் அடியொற்றி எழுந்ததாதலின், அவ்வரலாறு இலங்கை மக்களுக்கும் பயன் தருவதாகும்.

1896 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17 ஆம் நாள், இலண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள பளிங்கு மாளிகை மைதானத்தில், பிரிஜெட் டிரிஸ்கொல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டியொன்றினால் மோதுண்டு இறந்தார். பொதுமக்களுக்குக் காட்சியாக ஓட்டப்பட்ட வண்டி அது. பிரித்தானியாவில் மோட்டார் காரினால் மோதுண்டு இறந்த முதற் பாதசாரி அவரே எனக் கருதப்படுகின்றது. மரண விசாரணையில் யூரிமார் அதனைத் தற்செயலான மரணம் எனத் தீர்மானித்தனர். இத்தகைய நிகழ்ச்சி இனியொருபோதும் நேராதிருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அவ்விருப்பம் எவ்வளவு வீணாயிற்று என்பதை உலகம் அறியும்.

அக்காலத்துச் சட்டத்திலே காயமடைந்தோருக்கு வழி அறவே இல்லாதிருக்கவில்லை. ஒருவனுடைய கவனயீனத்தாற் காயமடைந்தவர் அவன்மேல் வழக்குத் தொடுத்து நட்டஈடு பெறலாம். குடும்பத்தைக் காத்தவர் இறந்தால், அவரை நம்பியிருந்த மனைவியும் மக்களும் வழக்கிடலாம் என்று 1846 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இருப்புப் பாதையும் இயந்திரங்களும் பெருகி விபத்துக்கள் மிகுந்த காலத்தில் எழுந்த சட்டம் அது. ஆயின், அவ்வுரிமைக்குள்ளே ஒரு குறை மறைந்து கிடந்தது. புகையிரதக் கம்பனிக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, பெட்டகத்திற் பணமும் உண்டு. அதன்மேற் பெற்ற தீர்ப்புக் காசாகும். மோட்டார் வண்டியோ தனிமனிதர் பலரின் கைக்கு வந்தது. அவருள்ளே செல்வரும் இருந்தனர். கடன்பட்டு வண்டி வாங்கியவரும் இருந்தனர். ஏதுமில்லாதவன்மேல் எத்துணைப் பெரிய தொகைக்குத் தீர்ப்புப் பெற்றாலும் அது வற்றிய கிணற்றில் இறக்கிய வாளியே ஆகும்.

வண்டியை ஓட்டியவன் யாரென அறியும் வழியை முதலில் வகுத்தது 1903 ஆம் ஆண்டின் மோட்டார்க் கார்ச் சட்டம். 1904 சனவரி முதல் வண்டி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டு இலக்கம் தாங்கி ஓட வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்தி, கேட்பவருக்குத் தன் பெயரையும் முகவரியையும் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் விதித்தது. இன்று வண்டிகளின் முன்னும் பின்னும் காணப்படும் இலக்கத் தகட்டை வெறும் அலுவலக அடையாளம் என்று எண்ணுவோர் உளர். உண்மையில் அது ஊருக்குக் கொடுத்த வாக்குறுதி. தன்னால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் தன்னைத் தேடிப் பிடிக்கலாம் என்பதே அதன் பொருள். எனினும், தேடிப் பிடிக்கப்பட்டவன் பணம் கொடுக்க வல்லவனா என்ற வினாவுக்கு 1903 ஆம் ஆண்டின் சட்டத்தில் விடை இருக்கவில்லை.

முதலாம் உலகப் போரின் பின்னர் வண்டிகளின் விலை குறைந்தது, தொகை பெருகியது. 1930 ஆம் ஆண்டளவிற் பெரிய பிரித்தானியாவின் வீதிகளில் ஏறத்தாழ 23 இலட்சம் மோட்டார் வாகனங்கள் ஓடின. அவ்வோராண்டில் மட்டும் வீதி விபத்துக்களில் இறந்தோர் 7,000 பேருக்கும் அதிகமாவர். நாட்டின் போக்குவரத்தை ஆராய நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு 1929 ஆம் ஆண்டில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. மறு ஆண்டில், ஹெர்பட் மொறிசன் போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், வீதிப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது.

பிறருக்கு நேரக்கூடிய மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் காப்புறுதி செய்யாமல் எவரும் வீதியில் மோட்டார் வாகனம் செலுத்தலாகாது என அச்சட்டம் கட்டளையிட்டது. மூன்றாந் தரப்புக் காப்புறுதி என இன்று யாவரும் சொல்லும் முறை பிரித்தானியாவிற் கட்டாயமானது அப்போதுதான். காப்புறுதிச் சான்றிதழைப் பொலிசார் கேட்குமிடத்துக் காட்ட வேண்டும். மீறியவருக்குக் குற்றப்பணமோ சிறையோ கிடைக்கும். வண்டி செலுத்தும் உரிமையும் பறிபோகும். தன் பொருளைக் காக்க விரும்புவோன் காப்புறுதி செய்வதும் செய்யாதிருப்பதும் அவன் விருப்பம். பிறர் உயிரோடு தொடர்பு வரும்போது அது அவன் விருப்பத்திற்கு விடப்படலாகாது என்பதே இச்சட்டத்தின் உட்கருத்து.

இனி எவரும் கைவிடப்படார் என்று அன்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் வேலியிலே பொத்தல்கள் இருந்தன. அவற்றுட் சில சட்டம் பிறக்குமுன்னரே கண்டறியப்பட்டவை. 1928 ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்றுக்கு வந்த வழக்கொன்றைச் சான்றாகக் கூறலாம். மோட்டார்க் கம்பனியொன்றின் வண்டியாற் காயமடைந்த வழிப்போக்கர் ஒருவர் நட்டஈட்டுத் தீர்ப்புப் பெற்றார். பணம் கைக்கு வருமுன் கம்பனி வங்குரோத்தாயிற்று. அக்கம்பனி காப்புறுதி செய்திருந்தது. காப்புறுதியாளரும் பணம் செலுத்தினர். ஆயினும் அப்பணம் காயமடைந்தவரைச் சேரவில்லை. கம்பனியின் சொத்தோடு அது கலந்து, கடன்கொடுத்தோர் அனைவருக்கும் பங்கிடப்பட வேண்டியதாயிற்று. தம் உடலில் ஏற்பட்ட காயத்துக்காக வந்த பணத்திலே, கம்பனிக்குச் சரக்கு விற்றவரோடு அவரும் வரிசையில் நின்று பங்கு பெற வேண்டியிருந்தது. இவ்வநீதியை நீக்கவே 1930 ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் எழுந்தது. காப்புறுதி செய்தவன் வங்குரோத்தானால், காப்புறுதியாளர்மேல் அவனுக்குள்ள உரிமை காயமடைந்தவருக்கு நேரே மாறும் என அச்சட்டம் கூறியது.

மற்றொரு பொத்தல் காப்புறுதிப் பத்திரத்தின் வாசகங்களில் இருந்தது. வண்டியோட்டி இந்த நிபந்தனையை மீறினான், அந்த உண்மையை மறைத்தான் என்று காரணம் காட்டிக் காப்புறுதியாளர் பணம் செலுத்த மறுக்க முடிந்தது. அந்நிபந்தனையைத் தன் கண்ணாலும் பார்த்திராத பாதசாரி அதன் பயனை அனுபவித்தார். 1934 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், காப்புறுதி செய்தவன்மேல் தீர்ப்புக் கிடைத்ததும் அத்தொகையைக் காப்புறுதியாளரே காயமடைந்தவருக்குச் செலுத்த வேண்டும் என விதித்து, அவர்களின் மறுப்புரிமையைப் பெரிதும் ஒடுக்கியது. தவறு செய்தவன் இறந்தால் அவன்மேலுள்ள வழக்கும் அவனோடு இறக்கும் என்னும் பழைய விதியும் அவ்வாண்டிலேயே வேறொரு சட்டத்தால் நீக்கப்பட்டது.

இத்தனை செய்தும் அடிப்படையான குறை அப்படியே நின்றது. கட்டாயக் காப்புறுதிச் சட்டம் சட்டத்திற்கு அடங்கி நடப்போரின் வண்டியால் மோதுண்டவருக்கே பயன்பட்டது. சட்டத்தை மீறிக் காப்புறுதியின்றி ஓட்டியவனுக்குச் சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஆனால் அவன் சிறையிலிருப்பதால் முடமானவருக்கு மருத்துவச் செலவு வந்துவிடாது. ஒழுங்காக நடப்பவன் மோதினால் நட்டஈடு உண்டு. ஒழுங்கற்றவன் மோதினால் ஒன்றுமில்லை. வீதியிற் போகும் ஒருவர் தம்மை மோத வரும் வண்டியைத் தெரிந்தெடுக்க முடியுமா?

நீதிமன்றங்கள் தம்மால் இயன்ற அளவுக்கு இக்குறையை நிரப்ப முயன்றன. 1935 ஆம் ஆண்டில் மொங்க் எதிர் வோர்பி என்னும் வழக்கில், காப்புறுதியற்ற ஒருவன் தன் வண்டியை ஓட்டுதற்கு விட்டுக்கொடுத்த உரிமையாளனும் காயமடைந்தவருக்குப் பொறுப்பாவான் என மேன்முறையீட்டு நீதிமன்று தீர்த்தது. சட்டம் விதித்த காப்புறுதிக் கடமை வீதியிற் செல்வோரைக் காப்பதற்கே ஏற்பட்டது. அக்கடமையை மீறியவன் அவர்களுக்கு விடை சொல்ல வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். சிறந்த தீர்ப்புத்தான். ஆயினும் உரிமையாளனும் ஏழையாயிருந்தால் அதனாற் பயனில்லை.

ஆகவே தனிமனிதரைத் துரத்துவதால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பது தெளிவாயிற்று. சேர் பீலிக்ஸ் கசல் என்பவரின் தலைமையில் 1936 ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட குழு, கட்டாயக் காப்புறுதியின் நடைமுறையை ஆராய்ந்து 1937 ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. காப்புறுதியின்மையால் நட்டஈடு இழந்து நிற்போருக்குப் பணம் வழங்கப் பொதுவானதொரு நிதியத்தைக் காப்புறுதியாளர் சேர்ந்து நிறுவ வேண்டும் என்பது அதன் விதந்துரைகளில் ஒன்று. அறிக்கை செயலாகுமுன் 1939 ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

போர்க்காலத்தில் எதிரி விமானங்களுக்கு அஞ்சி நாடெங்கும் விளக்குகள் மறைக்கப்பட்டன. தெருக்கள் இருளில் மூழ்கின. 1941 ஆம் ஆண்டில் வீதி விபத்துக்களில் இறந்தோர் தொகை 9,169 ஆகியது. பிரித்தானியாவின் வீதிகள் ஓராண்டிற் கொண்ட உயிர்ப்பலியில் இதுவே மிகப் பெரியது. பெற்றோல் பங்கீட்டால் வண்டிகள் குறைந்திருந்த காலத்திலே இத்தனை மரணங்கள் என்பது நினைக்கத்தக்கது. வானிலிருந்து விழுந்த குண்டுகளைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இருட்டிலே வண்டி மோதி இறந்தவரைப் பற்றிய பேச்சு அவற்றிற் குறைவு.

போர் ஓய்ந்ததும் கசல் குழுவின் கருத்து மீண்டும் எடுக்கப்பட்டது. 1945 டிசம்பர் இறுதியில் அரசாங்கத்துக்கும் காப்புறுதியாளருக்கும் இணக்கம் ஏற்பட்டது. 1946 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மோட்டார்க் காப்புறுதியாளர் பணியகம் என்னும் அமைப்புத் தோன்றியது. அம்மாதம் 17 ஆம் நாள் போக்குவரத்து அமைச்சரும் அப்பணியகமும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். யூலை முதலாம் நாள் தொடங்கி நேரும் விபத்துக்களுக்கு அது செல்லும். காப்புறுதி செய்ய வேண்டிய பொறுப்பொன்றுக்காக ஒருவன்மேல் நீதிமன்று தீர்ப்பளித்து, அத்தொகை உரிய காலத்துட் செலுத்தப்படாவிடின், அதனைப் பணியகமே செலுத்தும் என்பது உடன்படிக்கையின் சாரம். வழக்குத் தொடுக்கும்போது பணியகத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இருந்தன.

இவ்வுடன்படிக்கையின் அமைப்பிலே ஒரு புதுமை உண்டு. கையொப்பமிட்டவர் இருவர்: அமைச்சர் ஒருவர், பணியகம் மற்றையது. யாருக்காக அது எழுதப்பட்டதோ அவர், அஃதாவது காயமடைந்தவர், அதில் ஒரு தரப்பினரல்லர். ஒப்பந்தத்தில் தரப்பினராகாதவர் அதன்மேல் வழக்காட முடியாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய விதி. இவ்விதியைக் காட்டிப் பணியகம் தப்பித்திருக்கலாம். ஆனால் அது அவ்வாறு செய்யவில்லை. 1964 ஆம் ஆண்டில் ஹார்டி என்பவரின் வழக்கை விசாரித்த டெனிங் பிரபு, இத்தகைய தடையைப் பணியகம் எழுப்பவில்லை என்பதைக் குறிப்பிட்டு, இனியும் எழுப்பாது என்ற நம்பிக்கையையும் வெளியிட்டார். தொழிற்சாலையொன்றின் பாதுகாப்பு அதிகாரியான ஹார்டி, ஐயத்துக்குரிய வண்டியொன்றை மறித்து விசாரித்தபோது, சாரதி வண்டியைச் சட்டென ஓட்டி அவரை இழுத்துச் சென்று காயப்படுத்தினான். அது குற்றச் செயலேயாயினும், குற்றமற்ற ஹார்டிக்குப் பணியகம் பணம் செலுத்தத்தான் வேண்டும் என்பது தீர்ப்பு.

இப்பணம் எங்கிருந்து வருகின்றது? அரசாங்கத் திறைசேரியிலிருந்து அன்று. காப்புறுதி நிறுவனங்கள் தத்தம் வியாபார அளவுக்கேற்பப் பணியகத்துக்குப் பங்கு செலுத்துகின்றன. 1974 ஆம் ஆண்டின் சட்டத்தால், மோட்டார்க் காப்புறுதி செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் பணியகத்தில் உறுப்பினராதல் வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. அந்நிறுவனங்களோ தம் பங்கை வாடிக்கையாளரின் கட்டணத்திலிருந்தே பெறுகின்றன. முடிவிற் பார்த்தால், ஒழுங்காகக் காப்புறுதி செய்வோரின் பணமே, காப்புறுதியற்றவன் விளைத்த தீங்கை ஈடு செய்கின்றது. இது நீதியா என்று வினவுவோர் அன்றும் இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர். ஆனால் மாற்று வழி யாது? சுமை இருக்கத்தான் செய்யும். அதை இலட்சக்கணக்கான தோள்கள் சிறிது சிறிதாகச் சுமக்கலாம். இல்லையேல் கால் முறிந்து கிடக்கும் ஒருவர் தனியே சுமக்க வேண்டும். 1946 ஆம் ஆண்டின் உடன்படிக்கை முதல் வழியைத் தெரிந்தது.

ஆயினும் அவ்வுடன்படிக்கை இரண்டாம் வினாவுக்கு விடையளிக்கவில்லை. பணியகம் பணம் செலுத்துவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். தீர்ப்புக்கு வழக்கு வேண்டும். வழக்குக்கோ எதிராளி ஒருவன் வேண்டும். மோதிவிட்டு இருளில் மறைந்தவன்மேல் எப்பெயரால் வழக்கிடுவது? பெயர் தெரிந்த ஏழையால் மோதுண்டவருக்கு 1946 முதல் நட்டஈடு உண்டு. பெயர் தெரியாதவனால் மோதுண்டவருக்கு உரிமை எதுவும் இல்லை. அத்தகையோரின் நிலையை அனுதாபத்துடன் ஆராய்ந்து, விரும்பினால் உதவுவதாகப் பணியகம் கூறியிருந்தது. அது கருணையே அன்றி உரிமையன்று. கருணை நல்லதுதான், ஆனால் கருணையை நாடி நிற்பவர் கை நீட்ட வேண்டும், உரிமை உடையவர் தலை நிமிர்ந்து கேட்கலாம்.

இவ்விடத்தே சட்டம் தயங்கியதற்குக் காரணமும் இருந்தது. ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட ஒருவன், தெரியாத வண்டியொன்று மோதியது என்று சொன்னால் அதை மறுப்பவர் யார்? மறுக்க வேண்டிய சாரதிதான் அங்கே இல்லையே. உண்மையாகவே வண்டி மோதியிருப்பினும், தவறு சாரதியுடையதா, குறுக்கே பாய்ந்தவருடையதா என்பதை ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு எவ்வாறு தீர்ப்பது? பொய்யருக்கு அஞ்சிக் கதவை அடைத்தபோது மெய்யரும் வெளியே நின்றனர்.

1969 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், கண்டுபிடிக்கப்படாத சாரதிகளால் தீங்குற்றோருக்கான தனி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மே மாதம் முதலாம் நாள் தொடங்கி நேரும் விபத்துக்கள் அதில் அடங்கின. அது வகுத்த முறை புதிது. வழக்கில்லை, எதிராளியும் இல்லை. காயமடைந்தவர் பணியகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். பணியகம் நிகழ்ந்ததை விசாரிக்கும். சாரதி அகப்பட்டிருந்தால் அவன் நட்டஈடு செலுத்தப் பொறுப்பாளியாகியிருப்பான் என்பது கூடிய நிகழ்தகவுடன் புலப்பட்டால், பணம் வழங்கும். அம்முடிவில் மனநிறைவு கொள்ளாதவர், தேர்ந்த சட்ட அறிஞர் ஒருவரான நடுவரிடம் முறையிடலாம். வண்டியையே ஆயுதமாகக் கொண்டு வேண்டுமென்று ஒருவரைத் தாக்கிய நிகழ்ச்சிகள் இதில் அடங்கவில்லை. அவற்றுக்கு 1964 ஆம் ஆண்டில் அமைந்த குற்றக் காயங்களுக்கான நட்டஈட்டுச் சபை வேறாக இருந்தது. டிரிஸ்கொல் அம்மையார் மரித்து ஏறத்தாழ 73 ஆண்டுகள் கழிந்தபின், முகம் தெரியாத சாரதியால் மோதுண்டவரின் கைக்கும் கயிறு எட்டியது.

அதன்பின் நிகழ்ந்தவை பெரும்பாலும் திருத்தங்களே. வண்டியிற் பயணம் செய்வோருக்கும் காப்புறுதி வேண்டும் என்னும் விதி 1972 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கைகள் பலமுறை புதுக்கப்பட்டன. காப்புறுதியற்ற சாரதிகள் பற்றியது 2015 ஆம் ஆண்டிலும், கண்டுபிடிக்கப்படாத சாரதிகள் பற்றியது 2017 ஆம் ஆண்டிலும் புதிய வடிவம் பெற்றன.

பிற நாடுகளும் தத்தமக்கேற்ற வழிகளில் இவ்விடத்தை அடைந்தன. பிரான்சு 1951 டிசம்பரிலேயே சட்டத்தினால் ஓர் உத்தரவாத நிதியத்தை நிறுவியது. கட்டாயக் காப்புறுதியோ அங்கே 1958 ஆம் ஆண்டில்தான் வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1983 டிசம்பரில் விடுத்த கட்டளை, உறுப்பு நாடு ஒவ்வொன்றும் இத்தகைய அமைப்பொன்றை வைத்திருக்க வேண்டும் எனப் பணித்தது. நியூசிலாந்து இவையெல்லாவற்றையும் தாண்டிச் சென்றது. 1974 ஏப்பிரல் முதல் அங்கே விபத்தாற் காயமுற்றவர் எவராயினும், தவறு யாருடையது என்ற கேள்வியின்றியே பொது நிதியிலிருந்து உதவி பெறுகின்றார். அங்கே மோதியவன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் காயமுற்றவருக்குரிய உதவி மாறுவதில்லை. அண்டை நாடாகிய இந்தியாவில், மோதி ஓடிய வண்டிகளாற் பாதிக்கப்பட்டோருக்கு நிலையான தொகையொன்றை வழங்கும் ஏற்பாடு 1982 ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்டது. தொடக்கத்தில் மரணத்துக்கு 5,000 ரூபாவாக இருந்த அத்தொகை, 2022 ஏப்பிரல் முதல் 2 இலட்சம் ரூபாவாகவும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.

இலங்கையைப் பொறுத்தவரை, 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க மோட்டார்க் கார்க் கட்டளைச்சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. கவனயீனத்தால் விளைந்த தீங்குக்கு நட்டஈடு கோரும் உரிமை இங்கே உரோம டச்சுச் சட்டத்திலிருந்து வருகின்றது. அவ்வாறு பெற்ற தீர்ப்பைக் காப்புறுதியாளர் நிறைவேற்ற வேண்டும் என்னும் கடமையோ ஆங்கிலச் சட்டத்தின் வழியே வந்தது. ஒல்லாந்தரின் சட்டமும் ஆங்கிலேயரின் சட்டமும் ஒரே வீதி விபத்து வழக்கிற் சந்திப்பது இந்நாட்டின் சட்ட வரலாற்றுக்கு இயல்பான காட்சி. ஆனால் 1946 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பணியகம் போன்ற ஒன்றை 1951 ஆம் ஆண்டின் சட்டம் அமைக்கவில்லை. பிற்காலத்தில், 1998 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நிறுவப்பட்ட வீதிப் பாதுகாப்புத் தேசிய சபை, மோதிவிட்டு ஓடி மறைந்த வாகனங்களாற் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்கும் பணியை மேற்கொண்டது. அத்தகைய உதவியொன்று உண்டு என்பதை அறியாமலே, எதிராளி இல்லாத வழக்கு ஏது என்று கைவிட்டு வீட்டிலிருப்போர் இருத்தல் கூடும். அறியாத உரிமை இல்லாத உரிமையோடு ஒக்கும்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றே. நெடுங்காலம் சட்டம், குற்றம் செய்தவன் யார் என்பதையே முதலிற் கேட்டது. அவன் அகப்பட்டானா, அவனிடம் பணமுண்டா என்பவற்றைப் பொறுத்தே காயமடைந்தவரின் வாழ்வு அமைந்தது. 1930, 1934, 1946, 1969 என்னும் ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் சட்டம் ஓரடி எடுத்து வைத்து, காயமடைந்தவர் யார் என்பதைக் கேட்கக் கற்றுக்கொண்டது. குற்றவாளி மறையலாம், ஏழையாகலாம், இறந்தும் போகலாம். ஆனால் கால் இழந்தவரும் கணவனை இழந்தவளும் மறைந்து விடுவதில்லை. அவர்கள் நாள்தோறும் உண்ண வேண்டும். பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும்.

எனினும், எந்த நிதியமும் சாட்சி ஒருவரின் இடத்தை நிரப்ப மாட்டாது. ஓடி மறையும் வண்டியின் இலக்கத்தை ஒருவர் கண்டு குறித்துக்கொண்டால், கண்டுபிடிக்கப்படாத சாரதி கண்டுபிடிக்கப்பட்டவன் ஆகின்றான். விபத்து நடந்த இடம், நேரம், வண்டியின் நிறம், அது சென்ற திசை என்பனவற்றை உடனே பொலிசாரிடம் சொல்பவர், காயமடைந்தவரின் மருத்துவச் செலவுக்கும் குடும்பத்தின் சோற்றுக்கும் வழி திறக்கின்றார். நமக்கேன் வீண் வழக்கு என்று விலகிப் போவோர், தம்மை அறியாமலே அந்த வண்டிக்குத் திரை பிடிக்கின்றனர்.

எல்லாளனின் அரண்மனை மணிக்கு நீண்ட கயிறு கட்டப்பட்டது, வாயில்லாப் பசுவும் அதனை இழுக்க முடிந்தது. கயிறு குறுகியிருந்தால் மணி இருந்தும் பயன் இராது. சட்டத்தின் வரலாறும் கயிற்றைச் சிறிது சிறிதாக நீட்டிய வரலாறேயாகும். அது வீதியோரத்தில் வீழ்ந்து கிடப்பவரின் கைக்கு எட்டுமளவும் அவ்வேலை முற்றுப்பெற்றதாகாது. எட்டாத கையைப் பிடித்துக் கயிற்றின்மேல் வைக்கும் கடமை, அவ்வழியே செல்லும் ஒவ்வொருவருக்கும் உரியது.